சரிபார்ப்புச் செயலியிலிருந்து பாதுகாப்புச் சாவிக்கு: இரண்டு மாதச் சோதனைக் குறிப்புகள்

கைப்பேசி மேசை விளிம்பிலிருந்து விழுந்தபோது திரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் ஒளி மட்டும் திரும்பி வரவேயில்லை. யாராவது அழைத்தால் அதிர்ந்தது, மின்னூட்டியில் செருகினால் ஒலி எழுப்பியது. உள்ளே இருந்த சரிபார்ப்புச் செயலி 30 நொடிக்கு ஒருமுறை என் கணக்குகளுக்கான ஆறிலக்க எண்களைத் தவறாமல் கணக்கிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அவற்றைப் படிக்க எனக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. அடுத்த மூன்று நாட்களில், மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வைத்திருந்த கணக்குகளுக்குள் எளிதாக நுழைந்தேன். அச்சிடாதவற்றுக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கும் எழுதிக் காத்திருந்தேன். அவற்றுள் ஒன்று திரும்பக் கிடைக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று.

புதிய கைப்பேசியில் பழைய ஏற்பாட்டையே மறுபடி அமைப்பதற்கு முன்னால், கணினியில் செருகித் தொட்டு நுழையும் கையடக்கப் பாதுகாப்புச் சாவிகள் செயலியைவிட எந்த வகையில் மேலானவை, எந்த வகையில் தொல்லையானவை என்பதை நானே சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். ஒரே மாதிரியான இரண்டு சாவிகளை வாங்கினேன். என் 31 கணக்குகளின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தெந்த வழிகளில் உள்ளே விடுகிறது என்று குறித்துக்கொண்டேன். அந்த நோட்டின் பக்கங்கள்தான் இந்தப் பதிவுக்கு அடிப்படை.

சாவியைத் தொடுவதற்கு முன், இத்தனை ஆண்டுகளாகச் செயலி என்னதான் செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பதிவு செய்யும்போது திரையில் தோன்றும் க்யூஆர் சதுரத்தைக் குறிநீக்கிப் பார்த்தால், உள்ளே இருப்பது ஒரு சிறிய முகவரி வரி: தளத்தின் பெயர், பயனர் பெயர், பேஸ்32 முறையில் எழுதப்பட்ட ஒரு ரகசியச் சரம், அவ்வளவுதான். 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணம் மீதியைச் சொல்கிறது. 1970 தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகளை 30ஆல் வகுத்து, அந்த ஈவையும் ரகசியச் சரத்தையும் எச்மேக்–ஷா1 என்ற கணக்கீட்டில் செலுத்தினால் 20 பைட்டுகள் கிடைக்கும். கடைசி பைட்டின் கீழ்ப் பாதி எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கிருந்து நான்கு பைட்டுகளை எடுத்து, முதல் பிட்டை நீக்கி, பத்து லட்சத்தால் வகுத்து வரும் மீதியே நாம் தட்டச்சு செய்யும் ஆறிலக்க எண். பைத்தானில் இதை எழுத இருபது வரிகள்கூடத் தேவைப்படவில்லை. அந்த ஆவணத்தின் இறுதியில் சோதனைக்காகக் கொடுக்கப்பட்டிருக்கும் ரகசியத்தையும் 59ஆவது நொடியையும் உள்ளிட்டு, ஆறுக்குப் பதில் எட்டு இலக்கங்களைக் கேட்டபோது, அங்கே அச்சிடப்பட்டிருந்த அதே எட்டிலக்க எண், 94287082, என் திரையிலும் வந்து நின்றது. பிறகு என் உண்மையான கணக்கு ஒன்றின் ரகசியத்தைக் கொடுத்தேன். கைப்பேசியும் கணினியும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் காட்டின.

மகிழ்ச்சியளித்த அந்தச் சோதனை கொஞ்சம் கலக்கத்தையும் தந்தது. அந்த ரகசியச் சரம் யார் கையில் இருந்தாலும் அவர் என் கைப்பேசியைத் தொடாமலே என் எண்களை உருவாக்கிவிடலாம். அதே சரம் தளத்தின் வழங்கியிலும் இருக்கிறது, ஏனென்றால் அது இல்லாமல் தளத்தால் என் எண்ணைச் சரிபார்க்க முடியாது. என் பழைய படத்தொகுப்பைத் தேடியபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் “எதற்கும் இருக்கட்டும்” என்று நான் எடுத்து வைத்த க்யூஆர் சதுரத்தின் திரைப்பிடிப்பு ஒன்று கிடைத்தது. அது தானாகவே மேகச் சேமிப்புக்கும் ஏறியிருந்தது. அந்தக் கணக்கின் ரகசியத்தை அன்றே ரத்து செய்து புதிதாக வாங்கினேன்.

கடிகாரத்தையும் ஒரு கை பார்த்தேன். பழைய டேப்லெட் ஒன்றில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, 20 நொடி பின்னால் வைத்தபோது தளங்கள் எண்ணை ஏற்றன. 3 நிமிடம் பின்னால் வைத்தபோது எல்லாமே மறுத்தன. பரிமாற்றத் தாமதத்துக்காக ஒரு 30 நொடிப் படிக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அந்த ஆவணமே பரிந்துரைப்பதால் இது எதிர்பார்த்ததுதான். “சரியான எண்ணைத்தான் போடுகிறேன், ஏற்கவில்லை” என்று யாராவது சொன்னால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

சாவிகள் வந்து சேர்ந்தன. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று நீளமான தட்டையான கறுப்புத் துண்டு. நடுவில் தொட்டால் உணரும் உலோக வட்டம், ஒரு முனையில் யூஎஸ்பி–சி, உள்ளே கைப்பேசியில் ஒட்டிவைத்துப் பயன்படுத்த என்எஃப்சி. மின்கலம் இல்லை, திரை இல்லை, கடிகாரமும் இல்லை. இரண்டையும் வேறுபடுத்த ஒன்றின் பின்புறம் வெள்ளை வண்ணத்தால் ஒரு புள்ளி வைத்தேன். இந்த வேலை முழுவதிலும் மிகவும் பயன்பட்ட ஒரு செயல் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

முதல் இடையூறு சாவியைத் திறக்க நாமே அமைக்கும் பின் (PIN) எண்ணில் வந்தது. பெயர்தான் எண், எழுத்துகளையும் சாவி ஏற்கும். நினைவில் நிற்கும்படி எட்டு எழுத்து ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தேர்ந்து இரண்டு முறை தட்டச்சு செய்தேன், ஏற்றுக்கொண்டது. மறுநாள் மடிக்கணினியில் செருகி அதே தொடரைக் கொடுத்தால் தவறு என்றது. மூன்று முறை தவறியதும் சாவியை எடுத்து மீண்டும் செருகச் சொன்னது. செருகி இன்னும் இரண்டு முறை முயன்றேன். தொடர்ந்து எட்டு முறை தவறினால் சாவி பூட்டிக்கொள்ளும். அதன்பின் அதை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்த முடியும், அப்படி அழித்தால் அதில் பதிந்த எல்லாக் கணக்குகளும் அதை அடையாளம் காணாமல் போய்விடும். எஞ்சியிருந்தது மூன்று வாய்ப்புகள். கையை எடுத்துவிட்டு யோசித்தபோதுதான் பொறி தட்டியது: முதல் நாள் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்த பிறகு கணினியின் விசைப்பலகை தமிழ்99இலேயே நின்றிருந்தது. மறைத்த புள்ளிகளாகத் தெரிந்ததால் நான் கவனிக்கவில்லை. சாவிக்குப் போயிருந்தது முழுவதும் தமிழ் எழுத்துகள். விசைப்பலகையை மாற்றி அதே விசைகளை அழுத்தினேன், திறந்துகொண்டது. உடனே பின் எண்ணை வெறும் இலக்கங்களாக மாற்றினேன், ஏனென்றால் எந்தக் கருவியிலும் எந்த விசைப்பலகையிலும் அவை மாறுவதில்லை.

இரண்டாவது இடையூறு கொஞ்சம் வெட்கப்படும்படியானது. சாவியைக் கணினியிலேயே விட்டுவைத்திருந்தபோது கை தெரியாமல் பட்டு, நான் எழுதிக்கொண்டிருந்த உரையாடல் பெட்டியில் பொருளற்ற 44 ஆங்கில எழுத்துகள் தாமாகத் தட்டச்சாகி, கடைசியில் என்டர் விசையும் சேர்ந்து, செய்தியாகவே போய்விட்டன. சாவிக்குள் இருந்த பழைய ஒருமுறைக் கடவுச்சொல் வசதிதான் காரணம். கணினிக்கு அது தன்னை ஒரு விசைப்பலகையாகக் காட்டிக்கொண்டு அந்தச் சரத்தைத் தட்டச்சு செய்கிறது. எனக்கு அந்த வசதி தேவைப்படவே இல்லை என்பதால் நிர்வாக மென்பொருளில் அணைத்துவிட்டேன். அதைப் பெற்றுக்கொண்ட நண்பர் “என்ன அண்ணா, பூனை நடந்துபோச்சா?” என்று கேட்டதற்கு இன்றுவரை நான் சரியான பதில் சொல்லவில்லை.

இனி நான் அதிக நேரம் செலவழித்த சோதனைக்கு வருகிறேன். சாவி போலித் தளத்தில் ஏமாறாது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது எப்படி என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினேன். என் கணினியிலேயே இரண்டு சிறிய தளங்களை ஓடவிட்டேன். ஒன்று உண்மைத் தளம். மற்றொன்றின் பெயரில் ஓரெழுத்து மட்டும் வேறு. கணக்கு என்பதற்கும் கனக்கு என்பதற்கும் இடையே உள்ள மாற்றத்தைப் போல, வேகமாகப் படிக்கும் கண் தாண்டிப் போய்விடும் அளவுக்குச் சிறிய வேறுபாடு. போலித் தளத்தின் வேலை, தன்னிடம் வருவதை அப்படியே உண்மைத் தளத்திடம் சேர்த்து, அங்கிருந்து வரும் பதிலைத் திருப்பித் தருவது மட்டுமே. இரண்டுக்கும் உலாவி நம்பும்படியான சான்றிதழ்களையும் நானே உருவாக்கி நிறுவினேன். அதனால் பூட்டுக் குறியும் ஒழுங்காகத் தெரிந்தது.

முதலில் செயலி. போலித் தளத்தில் கடவுச்சொல்லையும் ஆறிலக்க எண்ணையும் கொடுத்தேன். எல்லாம் வழக்கம்போல நடந்து உள்ளே போய்விட்டேன். அதே நேரத்தில் போலித் தளத்தின் பதிவேட்டில் என் கடவுச்சொல்லும் எண்ணும் மட்டுமின்றி, நுழைந்த பின் உலாவிக்குக் கிடைக்கும், அனுமதிச் சீட்டுப் போன்ற அமர்வுக் குக்கியும் தெளிவாக அச்சாகியிருந்தது. எண் 30 நொடியில் காலாவதியாகிறது என்பது இங்கே எந்தப் பயனும் தரவில்லை, ஏனென்றால் கடத்தியவருக்கு ஒரு நொடி போதும். அந்த எண்ணுக்குத் தான் எந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்யப்படுகிறது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதும் என் கண்ணின் மேல் இருக்கிறது.

அடுத்து சாவி. உண்மைத் தளம் கையொப்பமிடக் கேட்டு அனுப்பும் சரமான அறைகூவலைப் போலித் தளம் மாற்றாமல் கொண்டுவந்து கொடுத்தபோது, உலாவி அந்த இடத்திலேயே பாதுகாப்புப் பிழை என்று நிறுத்திவிட்டது; சாவியின் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. பக்கத்தின் முகவரியும் கோரிக்கையில் சொல்லப்பட்ட தளப்பெயரும் பொருந்தவில்லை என்பதே காரணம். சரி, போலித் தளத்துக்குக் கொஞ்சம் தந்திரம் கற்றுக்கொடுத்தேன்: தளப்பெயரைத் தன் சொந்தப் பெயராக மாற்றி அனுப்பியது. இம்முறை விளக்குச் சிமிட்டியது, தொட்டேன். இந்தச் சாவி இத்தளத்துக்கு அறிமுகமானது அல்ல என்று உலாவி சொல்லிவிட்டது. பதிவின்போதே சாவி தான் கையொப்பமிடப் பயன்படுத்தும் ரகசியமான மறைசாவியைத் தளப்பெயரோடு கட்டிப்போட்டுவிடுவதால், பெயரில் ஓரெழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு தளம்தான். நான் ஏமாந்தேன், சாவி ஏமாறவில்லை.

உண்மைத் தளத்தில் முறையாக நுழைந்தபோது சாவி என்ன அனுப்புகிறது என்பதையும் பிரித்துப் பார்த்தேன். கையொப்பத்துக்கு முன்னால் வரும் தரவு சரியாக 37 பைட்டுகள். முதல் 32 பைட்டுகள் தளப்பெயரின் ஷா–256 சுருக்கம். அடுத்த ஒரு பைட் கொடிகள். கடைசி நான்கு பைட்டுகள் ஓர் எண்ணி. வெறுமனே தொட்டபோது கொடி பைட்டின் மதிப்பு 1 ஆக இருந்தது. பின் எண்ணும் கேட்கும்படி தளத்தை மாற்றியபோது 5 ஆனது, அதாவது “ஆள் இருக்கிறார்” என்ற பிட்டோடு “ஆள் சரிபார்க்கப்பட்டார்” என்ற பிட்டும் சேர்ந்தது. எண்ணி ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போயிற்று. இவை எல்லாவற்றின் மேலும் அறைகூவலையும் பக்க முகவரியையும் சேர்த்துச் சாவி கையொப்பமிடுகிறது. தளத்திடம் இருப்பது அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் உதவும் பொதுச் சாவிதான். வழங்கியை யாராவது மொத்தமாக அள்ளிக்கொண்டு போனாலும் அதை வைத்து என்னைப்போல் நுழைய முடியாது. செயலியின் ரகசியம் இரண்டு பக்கமும் இருப்பதோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு பெரிது.

இது என் மேசையில் மட்டும் நடந்த கதை அல்ல. தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு அவர்களின் பணிக் கணக்குகளில் ஒன்றுகூட இத்தகைய ஏமாற்றில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018இல் தெரிவித்தது. 2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலிக் குறுஞ்செய்திகள் வந்தபோது மூன்று பேர் தங்கள் கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் கொடுத்தே விட்டார்கள். அங்கே சாவி கட்டாயம் என்பதால் தாக்கியவர்கள் உள்ளே போக முடியவில்லை. விழிப்பாக இருங்கள் என்று அறிவுரை சொல்வதைவிட இது எனக்கு நம்பகமாகப் படுகிறது, ஏனென்றால் களைத்துப்போன மாலை வேளையில் நான் விழிப்பாக இருப்பதில்லை.

சோதனை முடிந்து, உண்மையான கணக்குகளை மாற்றும் வேலை தொடங்கியது, சலிப்பூட்டுவது இதுதான். 31 கணக்குகளில் 12 மட்டுமே சாவியை ஏற்றன. 16 கணக்குகள் செயலியை மட்டும் ஏற்றன. மூன்று குறுஞ்செய்தியைத் தவிர வேறெதையும் அறியாதவை. சாவியை ஏற்ற 12இலும் சில, முதலில் செயலியையோ குறுஞ்செய்தியையோ இயக்கிய பிறகுதான் சாவியைச் சேர்க்க விட்டன. ஒரு சாவியின் உள்ளடக்கத்தை மற்றொன்றில் நகலெடுக்க முடியாது என்பதால் ஒவ்வொரு கணக்கிலும் இரண்டு சாவிகளையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். மாற்றுச் சாவியை வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும் என்ற நல்ல அறிவுரைக்கும், புதிய கணக்கு தொடங்கும்போதெல்லாம் அது கையில் இருக்க வேண்டும் என்ற நடைமுறைக்கும் உள்ள முரணுக்கு எனக்கு இன்னும் அழகான தீர்வு கிடைக்கவில்லை. நோட்டில் “புள்ளிச் சாவி பாக்கி” என்று ஒரு பட்டியல் வைத்து, அது ஐந்து கணக்குகளை எட்டும்போது ஒரே நடையாகப் போய் எடுத்து வந்து பதிகிறேன்.

இட அளவைப் பற்றி ஒரு குறிப்பு. கடவுச்சொல்லுக்குப் பின் இரண்டாம் படியாக மட்டும் பயன்படுத்தினால் சாவியில் இடம் தீர்வதில்லை. தளத்துக்கான மறைசாவியை, தளம் திருப்பித் தரும் அடையாளத்திலிருந்தே சாவி மீட்டெடுத்துக்கொள்கிறது. பயனர் பெயரே கேட்காத பாஸ்கீ வகைதான் சாவிக்குள் இடம் பிடிக்கும். யூபிகீ 5 என்ற சாவி வரிசையில் 5.7க்கு முந்தைய ஃபர்ம்வேரில் (சாவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில்) 25 பாஸ்கீகளும், 5.7 முதல் 100 பாஸ்கீகளும் அடங்கும். எனக்கு இந்த வரம்பு எட்டும் தொலைவில்கூட இல்லை.

எல்லாவற்றையும் பதிந்து முடித்த மாலையில் ஒரு திருடனைப்போல என் கணக்குகளைச் சுற்றி வந்தேன். சாவி கேட்கும் பக்கத்தில் “வேறு வழியில் முயல்க” என்ற இணைப்பை அழுத்தினால் என்னவெல்லாம் வருகிறது என்று பார்த்தேன். 12இல் 7 கணக்குகள், சாவி இல்லையா, பரவாயில்லை, குறுஞ்செய்தி அனுப்பட்டுமா என்று பணிவாகக் கேட்டன. சிம் எண்ணை வேறொருவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அந்தச் செய்தி அவருக்குத்தான் போகும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தரநிலை நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே தொலைபேசி வலையமைப்பு வழியாக எண் அனுப்பும் முறையைக் கட்டுப்படுத்தப்பட்ட வகையில்தான் வைத்திருக்கிறது. முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைக் கயிற்றால் கட்டியிருந்தேன். ஐந்து கணக்குகளில் கைப்பேசி எண்ணை மீட்பு வழியிலிருந்து நீக்க முடிந்தது. மீதி இரண்டிலும் எண்ணை நீக்கினால் இருபடிச் சரிபார்ப்பே அணைந்துவிடும் என்று அமைத்திருக்கிறார்கள். எரிச்சலோடு அப்படியே விட்டிருக்கிறேன்.

செயலியை நான் கைவிடவில்லை. அந்த 16 கணக்குகளுக்கு அதுதான் கிடைக்கும் மிகச் சிறந்த வழி, குறுஞ்செய்தியைவிடப் பல மடங்கு மேல். ஆனால் இம்முறை ஏஜிஸ் என்ற திறமூலச் செயலிக்கு மாறினேன். அது கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்த காப்பு நகலைக் கோப்பாகத் தருகிறது. அந்தக் கோப்பைப் பழைய டேப்லெட்டில் இறக்கி, எல்லா எண்களும் சரியாக வருகின்றன என்று பார்த்த பிறகுதான் காப்பு எடுத்ததாக நோட்டில் குறித்தேன். செயலியின் ரகசியங்களைச் சாவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதியும் சில சாவிகளில் உண்டு. கைப்பேசி உடைந்தாலும் எண்கள் போகாது என்பது உண்மை. ஆயினும் வெளியே வருவது அதே ஆறிலக்க எண்தான், அதைப் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்தால் பறிபோவதும் அதேபோலத்தான். சாவிக்குள் இருக்கிறது என்பதாலேயே அது சாவியின் வலிமையைப் பெற்றுவிடாது.

சாவியும் குறையற்றது அல்ல. 2024 செப்டம்பரில் நிஞ்சாலேப் ஆய்வாளர்கள், இன்ஃபினியான் சில்லுகளின் மறையாக்க நூலகத்தில் இருந்த ஒரு கசிவைக் கொண்டு, 5.7க்கு முந்தைய ஃபர்ம்வேர் உள்ள யூபிகீ 5 சாவிகளை நகலெடுக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்குச் சாவியைக் கையில் எடுத்துத் திறந்து, மின்காந்த அளவீட்டுக் கருவிகளோடு உட்கார வேண்டும் என்பதால் என்னைப்போன்ற ஒருவருக்கு அது அன்றாட அச்சுறுத்தல் அல்ல. ஆனால் இச்சாவிகளின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவே முடியாது; புதியதை வாங்குவது ஒன்றே வழி. அதேபோல், நுழைந்த பின் கணினியில் தங்கும் அமர்வுக் குக்கியைத் தீநிரல் ஒன்று திருடினால் எந்தச் சாவியும் தடுக்காது. கைப்பேசியில் என்எஃப்சி வழியாகப் பயன்படுத்தும்போது ஏரியல் எங்கே இருக்கிறது என்று தடவித் தேடும் சிறிய தொல்லையும் உண்டு. என் கைப்பேசியில் அது கேமராவுக்குக் கீழே ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது.

எதிர்பாராத லாபம் ஒன்று: தொலைவிலுள்ள கணினிகளுக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 8.2 பதிப்பிலிருந்து இதே சாவியை வழங்கிகளுக்குள் நுழையவும் பயன்படுத்தலாம். ஒரே கட்டளையில் உருவாகிவிட்டது. இப்போது வட்டில் இருக்கும் கோப்பை யாராவது எடுத்துச் சென்றாலும், சாவியைத் தொடாமல் அது உதவாது.

இரண்டாம் மாத முடிவில் ஓர் ஒத்திகை வைத்துக்கொண்டேன். அன்றாடம் பயன்படுத்தும் சாவியையும் கைப்பேசியையும் ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டு, புள்ளி வைத்த சாவியும் அச்சிட்ட மீட்புக் குறியீடுகளும் மட்டும் கையில் இருக்க, இதுவரை பயன்படுத்தாத ஒரு கணினியிலிருந்து 31 கணக்குகளுக்குள்ளும் நுழைய முயன்றேன். சாவியை ஏற்கும் 12இல் 11 திறந்தன. பன்னிரண்டாவது, நோட்டில் இரண்டு சாவிகளுக்கும் எதிரே சரிக்குறி போட்டிருந்த கணக்கு. புள்ளிச் சாவியைத் தொட்டதும் அறிமுகமில்லை என்றது. பெட்டியைத் திறந்து வழக்கமான சாவியால் உள்ளே போய்ப் பார்த்தால், பதிவுகளின் பட்டியலில் இரண்டு பெயர்கள் இல்லை, ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது பதிவின்போது தளம் பெயர் கேட்ட பெட்டியை நிரப்பாமல் பக்கத்தை மூடியிருக்கிறேன் போலும். புள்ளிச் சாவியைப் பதிந்து, பெயர் கொடுத்து, வெளியேறி, அதைக்கொண்டே மறுபடி நுழைந்த பிறகு, நோட்டில் பழைய சரிக்குறியை அடித்துவிட்டுப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.